ஆறாம் வக்தாங்: அரசரா, கவிஞரா, பதிப்பாசிரியரா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜார்ஜியக் கவி ருஸ்தவேலியின் ‘புலித்தோல் போர்த்த வீரன்’ காவியத்தை ஆங்கிலத்தில் படித்தேன். அதை முதலில் அச்சிட்டவர் ஆறாம் வக்தாங் என்ற அரசர் என்றும், அதிலுள்ள காதலைக் கடவுட்காதல் என்று அவர் உரை எழுதினார் என்றும் முன்னுரையில் இருந்தது. அவரைக் கவிஞர், அறிஞர் என்கிறார்கள். அரசர் என்பதால் கிடைத்த பட்டமா இது? அந்த உரை நூலைத் திரிப்பதாகாதா? ஷாயிரி என்ற யாப்பு எப்படிப்பட்டது?

ஒரு வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

பட்டம் அரியணையால் வந்ததல்ல. வக்தாங் (1675–1737) கிழக்கு ஜார்ஜியாவின் கார்ட்லி நாட்டை 1703 முதல், அரசருக்குப் பதிலான பொறுப்பாளராக இருந்து ஆண்டார். அந்த ஆண்டுகளில் சட்டத்தொகுப்பு உருவாயிற்று; பழைய வரலாற்று ஏடுகளை ஒப்பிட்டுத் திருத்த ஓர் அறிஞர் குழு அமைந்தது; திபிலிசியில் அச்சுக்கூடம் வந்தது. அதை நிறுவ வல்லாக்கியாவிலிருந்து (இன்றைய ருமேனியாவின் தென்பகுதி) மிஹாய் இஷ்த்வானோவிச் என்ற அச்சரை அனுப்பிவைத்தவர், அங்கே பேராயராக இருந்த ஜார்ஜியர் அந்திம். 1709இல் நற்செய்தி நூல் வெளிவந்தது. 1712இல் ருஸ்தவேலி.

உரையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஐந்து நூற்றாண்டுகளாக ஏட்டில் இருந்த காவியத்தில் பின்னாள் கைகள் பாடல்களைச் செருகியிருந்தன, தொடர்ச்சிக் கதைகளை ஒட்டியிருந்தன. அவற்றைக் களைந்து மூலத்தை நிறுவ முயன்றவர் வக்தாங். பதிப்பின் பின்னே வழக்கொழிந்த சொற்களுக்குப் பொருள் தந்தார். காதலி என்பது இறைவன் என்ற விளக்கமும் அங்கேதான் வருகிறது. உலகியல் காதலைப் பாடும் நூல் என்று திருச்சபையினர் சிலர் இதை வெறுத்தனர். அவர்கள் நடுவே, நற்செய்தி அச்சான அதே கூடத்தில் இதை அச்சிட ஒரு காப்பு வேண்டியிருந்தது.

அதற்காக அவர் வெறுங்கையால் முழம் போட்டார் என்று சொல்ல முடியாது. ருஸ்தவேலியே பாயிரத்தில் காதலை இரண்டாகப் பிரிக்கிறார்: விண்ணைச் சேர்ந்த, சொல்லுக்கடங்காத முதற்காதல் ஒன்று; காமத்தில் வழுவாதவரை அதைப் போலச் செய்யும் மண்ணுலகக் காதல் மற்றொன்று. தான் பாடுவது இரண்டாவதை என்றும் தெளிவாகவே சொல்கிறார். வக்தாங் முதலாவதைப் பிடித்துக்கொண்டு நூல் முழுவதற்கும் விரித்தார். அங்கேதான் உரை மூலத்தை விட்டு விலகுகிறது. ஆனால் திருக்கோவையாருக்குப் பேரின்பப் பொருள் கண்ட மரபில் வளர்ந்த நாம் இதைத் திரிபு என்று ஒரே சொல்லில் ஒதுக்க மாட்டோம். சொற்பொருள் பகுதியை நம்பிப் படியுங்கள். தத்துவப் பகுதியை 1712ஆம் ஆண்டின் வாதமாகப் படியுங்கள்.

ஷாயிரி: நான்கு அடி, அடிக்கு 16 அசை (இங்கே அசை என்பது ஓர் உயிரொலி, நம் நேர்-நிரை அல்ல), நான்கடிக்கும் ஒரே இயைபு. ஜார்ஜிய மொழியில் உயிரில் குறில் நெடில் வேறுபாடு இல்லை. மெய்கள் எத்தனை நெருங்கி நின்றாலும் கணக்கில் வராது. உயிரை மட்டும் எண்ண வேண்டும். ஒற்று நீக்கி எழுத்தெண்ணும் நம் கட்டளைக் கலித்துறையின் கணக்கேதான். நேரசையில் தொடங்கும் அடிக்கு அங்கும் 16. உயர் ஷாயிரி 4+4+4+4 என்று நடக்கும், இயைபு ஈரசை. தாழ் ஷாயிரியில் எட்டசை அரையடி 5+3 அல்லது 3+5 என்று பிரியும், இயைபு மூவசை. காவியத்தின் முதற்பாடல் தாழ் ஷாயிரி; அதன் நான்கு அடியும் ‘எரிதா’ என்று முடிகின்றன.

எண்ணிக்கை ஒத்துப்போகிறதே என்று கட்டளைக் கலித்துறையில் பெயர்த்தால் சறுக்கும். ஷாயிரி அடி எட்டாவது அசையில் இரண்டாக மடியும். ஐஞ்சீரடியில் அந்த மடிப்புக்கு இடமில்லை. எண்சீர் விருத்தத்தின் அரையடிதான் அந்த நடைக்குக் கிட்ட வரும். கடையியைபை நான்கடிக்கும் இழுத்தால் ‘ஆகவே’, ‘போகவே’ என்று அசைச்சொற்கள் குவிந்து பொருள் நீர்த்துவிடும். அடிதோறும் எதுகை வைத்து அந்த ஒலிக்கட்டை அடிமுதலுக்கு மாற்றுவதே என் தேர்வு.

வக்தாங்கின் சொந்தக் கவிதைகளில் காதலும் தாய்நாட்டுப் பிரிவும் கலந்து நிற்கின்றன. காரணம் வாழ்க்கையிலேயே இருக்கிறது. 1712இல் பாரசீக ஷா அவரை அழைத்தார். இஸ்லாத்தை ஏற்க மறுத்ததால் திரும்ப விடவில்லை. 1716இல் பெயரளவில் ஏற்றார். 1719இல்தான் ஊர் திரும்பினார். அந்தப் பாரசீக வாசத்தில் ‘அன்வாரி சுஹைலி’யை ஜார்ஜியத்தில் பெயர்த்தார். நம் பஞ்சதந்திரம் பஹ்லவி, அரபு, பாரசீகம் என்று நடந்து போய் எடுத்த வடிவம் அது. அந்த மொழிபெயர்ப்பைச் செம்மை செய்தவர் அவருடைய ஆசான், அகராதி தொகுத்த சுல்கான்-சபா ஒர்பெலியானி. வானியல் அட்டவணைகளையும் வக்தாங் பெயர்த்தார். எண்ணெய்க் கலவை, வேதியியல் செய்முறை பற்றித் தனி நூலே எழுதினார்.

1723இல் ஓட்டோமன் படை திபிலிசியைப் பிடித்தது. மறு ஆண்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுடன் ருஷ்யா போனார். அஸ்த்ரகானில் இறந்தார், அங்கேயே அடக்கம். உடன் போனவர்களில் மமுக்கா பரதஷ்விலி 1731இல் ஜார்ஜிய யாப்பைப் பற்றி ‘சாஷ்னிக்கி’ என்ற இலக்கண நூலை எழுதினார். பின்னர் வந்து சேர்ந்த தாவித் குராமிஷ்விலி, அந்த அகதி அரசவையின் நாட்களைத் தன் ‘தாவிதியானி’யில் பாடியிருக்கிறார். வக்தாங்கை அருகிலிருந்து பார்க்க அடுத்து அதைப் படியுங்கள்.

அன்புடன்.