டைனோசர்களில் உங்களுக்கு ரொம்பப் பிடித்தது எது? ஏன்?

சிட்டாகோசாரஸ். 'கிளிப் பல்லி' என்று பொருள். மங்கோலியாவில் கிடைத்த எலும்புகளுக்கு அமெரிக்கத் தொல்லுயிர் ஆய்வாளர் ஆஸ்போர்ன் 1923-ல் வைத்த பெயர். மூக்கிலிருந்து வால் நுனிவரை அளந்தாலும் இரண்டு மீட்டர் தேறினால் பெரிது. கிளி அலகு மாதிரி வாயால் செடிகளை நறுக்கி விழுங்கும், கோழி கல் பொறுக்குவதுபோல இதுவும் சின்னக் கற்களை விழுங்கி வைத்திருந்து வயிற்றுக்குள்ளேயே அரைத்துக்கொள்ளும். குட்டியாக இருக்கும்போது நான்கு காலில் நடந்து, வளர வளர இரண்டு காலுக்கு மாறிவிடும்.

எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் ஃபிராங்க்ஃபர்ட் சென்கன்பெர்க் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரே ஒரு புதைபடிவம்தான். சீனாவின் லியாவோனிங் பகுதியில் கிடைத்தது, மல்லாந்து கிடக்கிறது, தோல் செதில்கூட அப்படியே இருக்கிறது, வாலின் மேல் துடைப்பக் குச்சி மாதிரி நீள நீளமாக முட்கள். முட்டைக்குள் மஞ்சள் கருவோடு ஒட்டியிருந்த தழும்பு, அதாவது அதன் தொப்புள், வயிற்றில் தெரிகிறது என்று 2022-ல் கண்டுபிடித்தார்கள். 12 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒன்றின் தொப்புள்!

நிறமும் தங்கியிருக்கிறது. முதுகு கருத்து, வயிறு வெளுத்து, இடையில் நிறம் மெல்ல மெல்ல மாறுகிறது. தொல்லுயிர் ஆய்வாளர் விந்தரின் குழுவினர் இதே அளவில் ஒரு பொம்மை செய்து சாம்பல் வண்ணம் அடித்து, பிரிஸ்டல் தாவரவியல் பூங்காவில் வெட்டவெளியிலும் மரத்தடியிலும் வைத்து நிழல் எப்படி விழுகிறது என்று படமெடுத்துப் பார்த்தார்கள். மரத்தடியில் உடம்பில் விழும் நிழலை மறைக்கத்தான் அந்த நிறம் பொருந்தியது. ஆக, அது வாழ்ந்த காட்டில் வெளிச்சம் இலைகளுக்கிடையே கசிந்துதான் வந்திருக்க வேண்டும். அதன் தோலே சொல்லிவிட்டது, பாருங்கள்.

அந்த லியாவோனிங் காடு ஊசியிலை மரங்களும் ஜின்கோவும் ஏரிகளும் நிறைந்தது, பக்கத்திலேயே எரிமலைகள். டைனோசர் என்றாலே புழுங்கும் சதுப்புக்காடு நினைவுக்கு வரும், ஆனால் அங்கே ஆண்டுச் சராசரி வெப்பம் சுமார் 10 டிகிரிதான் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பூக்கும் செடிகள் அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கியிருந்தன.

அப்புறம், டைனோசர் காலத்துப் பாலூட்டிகள் எல்லாம் எலிபோல ஒளிந்து திரிந்தன என்றுதான் நானும் நம்பியிருந்தேன். ரெபெனோமாமஸ் என்ற பாலூட்டியின் வயிற்றுக்குள் சிட்டாகோசாரஸ் குட்டியின் எலும்புகள் இருந்ததை 2005-ல் அறிவித்தார்கள். 2023-ல் வெளியான இன்னொரு படிவம் அதைவிட ஒரு படி மேல்: தன்னைப்போல் மூன்று மடங்கு எடையுள்ள சிட்டாகோசாரஸ் மேல் அந்தப் பாலூட்டி ஏறி உட்கார்ந்திருக்கிறது, அந்த நேரம் பார்த்து எரிமலைச் சேறு இரண்டையும் சேர்த்து மூடிவிட்டது. பாலூட்டியின் முன்னங்கை இன்னும் சிட்டாகோசாரஸின் தாடையைப் பிடித்திருக்கிறது, பற்கள் விலாவில் பதிந்தபடி.