சாவி யாரிடம் இருக்கிறது?

கேள்வி: கிள்ளானில் என் தாய்மாமாவின் ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் நிர்வாக வேலை பார்க்கிறேன். நேப்பாளம், வங்காளதேசத் தொழிலாளர்கள் 180 பேர். ஐரோப்பிய மருத்துவமனைகளுக்கு எங்கள் கையுறைகளை வாங்கும் நிறுவனம், கட்டாய உழைப்பு இருக்கிறதா என்று தணிக்கை செய்ய அடுத்த மாதம் வருகிறது. நாங்கள் யாரையும் அடித்ததில்லை, சம்பளப் பாக்கி இல்லை. கடப்பிதழ்கள்கூட (பாஸ்போர்ட்) என் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. காரணம் எழுதிக் கொடுத்து, மாமா கையெழுத்துப் போட்டால் தந்துவிடுவேன். என்னென்ன கோப்புகளைத் தயார் செய்ய வேண்டும்?
– வாசகி, கிள்ளான், மலேசியா

பதில்: கோப்புகள் கிடக்கட்டும். 'காரணம் எழுதிக் கொடுத்து, மாமா கையெழுத்துப் போட்டால்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதை இன்னொரு முறை படியுங்கள். பெற்றவள் இறந்த செய்தி ஒரு தொழிலாளிக்கு இரவில் வந்தால், அந்தப் பையன் விடியும்வரை உங்களுக்காகவும், பிறகு மாமாவுக்காகவும் காத்திருக்க வேண்டும். தாய்க்குக் கொள்ளி வைக்கப் போவதற்கு முதலாளியின் கையெழுத்தா? உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இப்படி நடந்தால் பொறுப்பீர்களா?

அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் சொல்லும் கட்டாய உழைப்பின் 11 அடையாளங்களில் ஆவணங்களைப் பிடித்து வைப்பதும் ஒன்று. மலேசியாவின் 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி அது குற்றம்: 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வந்திறங்கிய அன்று, படிக்கத் தெரியாத மொழியில் வாங்கிய சம்மதக் கையெழுத்தைக் காட்டித் தப்பிக்க நினைக்காதீர்கள். அலமாரிச் சாவி மாமாவிடம் இல்லை, உங்களிடம் இருக்கிறது.

இந்த வாரமே திருப்பிக் கொடுங்கள். அதற்கு முன்பு விடுதியில் ஆளுக்கொரு பூட்டுள்ள பெட்டி இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். தங்குமிட விதிகளே அதைக் கேட்கின்றன. பூட்டு சரியில்லாத விடுதியில், திருட்டுக்குப் பயந்து தொழிலாளர்களே கடப்பிதழைச் சூப்பர்வைசரிடம் கொடுத்துவிடுவார்கள். இரண்டே மாதத்தில் எல்லாம் பழைய அலமாரிக்கு வந்து சேரும். பெட்டியின் மாற்றுச் சாவியும் அவரவரிடமே இருக்கட்டும். அலுவலகத்துக்கு நகல் போதும். பெர்மிட் புதுப்பிக்க வாங்கினால், வாங்கிய தேதியும் திருப்பித் தரும் தேதியும் எழுதிய ரசீதை அவர் மொழியில் கொடுங்கள்.

தணிக்கைக்காகக் கொடுத்துவிட்டுப் பிறகு வாங்கி வைக்கும் வேலை வேண்டாம். கடப்பிதழைப் பெற்றுக்கொண்டதற்கான 180 கையெழுத்தும் தணிக்கைக்கு முந்தைய வாரம் ஒரே தேதியில் இருந்தால், தணிக்கையாளர் நேரே விடுதிக்குப் போய்த் தொழிலாளர்களைத் தனியாகக் கேட்பார்.

கொடுத்தால் ஓடிவிடுவார்கள் என்று மாமா சொல்வார். கடப்பிதழ் ஒன்றுதான் அவர்களை நிறுத்தி வைத்திருக்கிறது என்றால், ஓவர்டைம் கணக்கையும் விடுமுறை நாள் கணக்கையும் எடுத்துப் பாருங்கள். கோளாறு அங்கே இருக்கும்.

சம்பளப் பாக்கி இல்லை என்கிறீர்கள். அவர்கள் தலையில் இருக்கும் கடன் எவ்வளவு? அதுவும் ஆளைக் கட்டிப்போடும். இங்கே வருவதற்கு ஊர்த் தரகர், ஏஜெண்ட், மருத்துவப் பரிசோதனை, விமானச் சீட்டு என்று எத்தனை பேருக்கு எவ்வளவு கொடுத்தார்கள், என்ன வட்டிக்கு வாங்கினார்கள்? சூப்பர்வைசர் வழியாகக் கேட்காதீர்கள். வங்காள மொழியும் நேப்பாளியும் பேசத் தெரிந்த வெளியாட்களை அமர்த்தி, தொழிற்சாலைக்கு வெளியே, தனித்தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். 'ஒன்றும் கட்டவில்லை' என்று சொல்லும்படி ஊரிலேயே பழக்கி அனுப்பியிருப்பார்கள். முதல் பதிலை நம்பாதீர்கள். ரசீது யாரிடமும் இருக்காது. அதனால் நாடு, வந்த ஆண்டு வாரியாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஒரே தொகை என்று முடிவு செய்து திருப்பிக் கொடுங்கள். தவணையில் கொடுக்கலாம், வேலையை விட்டுப் போகிறவருக்கு மீதியை அன்றே முழுதாகத் தர வேண்டும்.

செலவு பெரிதுதான். மலேசியாவின் பெரிய கையுறை நிறுவனமான டாப் குளோவின் கையுறைகளை 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்தது. தொழிலாளர்களுக்கு 3 கோடி டாலருக்கு மேல் கொடுத்து, விடுதிகளையும் சீராக்கிய பிறகு, 2021 செப்டம்பரில்தான் அந்தத் தடை நீங்கியது.

மாமாவிடம் சட்டம் பேசுவதற்கு முன் குடும்பக் கதையைப் பேசுங்கள். தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணி கொடுத்த முன்பணக் கடனோடு எத்தனையோ தமிழர்கள் கப்பலேறி இந்த நாட்டுத் தோட்டங்களுக்கு வந்தார்கள். அந்தக் கடனைக் கழிக்க அவர்கள் பட்ட பாடு மலாயாத் தமிழ்க் குடும்பங்களில் யாருக்குத் தெரியாது? வயதில் மூத்தவர் என்பதற்காக நீங்கள் வாயடைத்து நிற்பதில் மரியாதை ஒன்றும் இல்லை. தாய்மாமன் தப்பு செய்யும்போது தடுக்க மருமகளுக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு.

தணிக்கையாளர் வந்ததும் மறைக்காமல் சொல்லுங்கள்: இந்தத் தேதி வரை கடப்பிதழ்களை நாங்கள்தான் வைத்திருந்தோம், இந்தத் தேதியில் திருப்பிக் கொடுத்தோம், தரகர் பணத்தை இந்த மாதத்திலிருந்து திருப்பித் தருகிறோம். நீங்கள் கேட்ட கோப்பு இதுதான்.