குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவினால் கீமோவை எந்த வழியில் செலுத்துவது நல்லது?

கல்லீரலுக்கே நேரடியாக மருந்தைச் செலுத்துவது, சிரை வழியாக ஏற்றும் வழக்கமான கீமோவைவிடச் சிறந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆரோக்கியமான கல்லீரல் திசுவுக்குப் பெரும்பாலான ரத்தம் குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாகக் கிடைக்க, அங்கு வளர்ந்துவிட்ட கட்டிகளோ கல்லீரல் தமனியையே நம்பியிருக்கின்றன. ஆகவே அந்தத் தமனிக்குள் மெல்லிய குழாயைப் பொருத்தி, வயிற்றுத் தோலுக்கு அடியில் பதித்த உள்ளங்கையளவு பம்பிலிருந்து ஃப்ளாக்ஸ்யூரிடின் என்ற கீமோ மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தினால், அதன் பெரும்பகுதியைக் கல்லீரலே உறிஞ்சிக்கொள்வதால் கட்டிக்கு அதிகமாகவும் உடலின் பிற பகுதிகளுக்குக் குறைவாகவும் மருந்து சேர்கிறது. சுமார் 2 வாரங்களுக்கு ஒருமுறை தோலின் மேல் ஊசி குத்திப் பம்பை நிரப்புவார்கள்.

கல்லீரல் கட்டிகள் இதில் கூடுதலாகச் சுருங்குவது உண்மைதான். ஆனால் ஆயுள் நீடிப்பதை எல்லா ஆய்வுகளும் ஒரேமாதிரி உறுதிசெய்யவில்லை. பித்தநாளம் (கல்லீரலிலிருந்து பித்தநீரைக் கொண்டுசெல்லும் குழாய்) தழும்பேறிச் சுருங்குவது இதன் கடுமையான பக்கவிளைவு என்பதால், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனையை ஒருபோதும் தள்ளிப்போடாதீர்கள்.

சிரைவழி ஏற்றும் ஃபால்ஃபாக்ஸ், ஃபால்ஃபிரி போன்ற கீமோ மருந்துக் கூட்டுகள் நுரையீரல் முதலிய இடங்களில் மறைந்திருக்கும் செல்களையும் எட்டுகின்றன. அதனால்தான் பெரும்பாலானோருக்கு அதுவே முதல் சிகிச்சை. பம்ப் வைத்தாலும் பொதுவாக அதனுடன் சேர்த்தே தருகிறார்கள். நோய் கல்லீரலோடு நின்றிருந்து, அனுபவமுள்ள அறுவைக் குழுவும் கிடைத்தால், பம்பைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள்.