கையைக் கட்டிவைத்தால் வாய் பேசுமா?

கேள்வி: என் மகனுக்கு 4 வயது. பிறந்ததிலிருந்தே இரண்டு காதும் கேட்கவில்லை. 2 வயது 8 மாதத்தில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி (உட்காதில் பொருத்தி ஒலியைக் கேட்க உதவும் கருவி) பொருத்தினார்கள். இப்போது இருபது வார்த்தை போலச் சொல்கிறான். என் நாத்தனாருக்கும் காது கேட்காது. காது கேளாதோர் பள்ளியில் படித்தவர், எங்களோடு இருந்து தையல் வேலை பார்க்கிறார். பையன் எந்நேரமும் அவரிடம் போய்க் கையாலேயே பேசுகிறான். ஸ்பீச் தெரபியில், 'கைப்பேச்சை நிறுத்தாவிட்டால் வாய்ப்பேச்சு வராது' என்கிறார்கள். அவன் கையை அசைத்தாலே மாமியார் தட்டிவிடுகிறார். நாத்தனாரைக் கொஞ்ச நாள் ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று வீட்டில் பேச்சு. நான் என்ன செய்வது, டாக்டர்?
- ஒரு தாய், விருதுநகர் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி, நாத்தனாரை எங்கேயும் அனுப்பாதீர்கள். பையனின் கையைத் தட்டுவதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். காரணங்களைச் சொல்கிறேன், மாமியாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

முதலில் அந்த இருபது வார்த்தை. அவனுக்கு வயது 4 என்றாலும் காது கேட்கத் தொடங்கி 1 வருடம் 4 மாதம்தான் ஆகிறது. கேட்கும் வயதை வைத்துப் பார்த்தால் இருபது வார்த்தை மோசமில்லை. ஆனால் அவன் மனதுக்கு 4 வயது. தெருவில் பார்த்த நாய், நேற்று கண்ட கனவு, வயிற்று வலி, கோபம், 'ஏன்' என்ற கேள்வி எல்லாம் உள்ளே நிறைந்திருக்கின்றன. இருபது வார்த்தைக்குள் அவை அடங்குமா? அதையெல்லாம் இன்றைக்கு அவன் அத்தையிடம் மட்டும்தான் சொல்ல முடிகிறது. அதனால்தான் அவரிடம் ஓடுகிறான்.

மூளை ஒரு மொழியை வேரோடு பிடித்துக்கொள்வது முதல் ஐந்தாறு வயதுக்குள். அந்தக் காலத்தில் முழுதாகப் புரிகிற ஒரு மொழியாவது கிடைக்காவிட்டால், பிறகு படிப்பு, கணக்கு, பிறர் மனதைப் புரிந்துகொள்வது எல்லாமே தடுமாறும். அந்த இழப்பைப் பின்னால் முழுதாக ஈடுகட்ட முடிவதில்லை. மொழி காது வழியாக வருகிறதா, கண் வழியாக வருகிறதா என்று மூளை பேதம் பார்ப்பதில்லை. இடது பக்க மூளையில் பக்கவாதம் வந்தால் நமக்குப் பேச்சு குழறுவதைப் போலவே, சைகை மொழி பேசுகிறவர்களுக்குச் சைகை குழறிவிடும். சைகையைப் பார்த்து வளரும் குழந்தைகள், நம் குழந்தைகள் 'மா மா, பா பா' என்று மழலை பேசும் வயதில் விரல்களால் மழலை பேசுகின்றன. 1991இலேயே இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

சைகை பழகினால் பேச்சு வராது என்பது உண்மையென்றால், காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த, காது நன்றாகக் கேட்கும் பிள்ளைகள் ஒருவரும் பேசக் கூடாது. பிறந்த நாள் முதல் வீட்டில் சைகைதான் பார்க்கிறார்கள். ஆனால் அவர்கள் வாயாலும் நன்றாகப் பேசுகிறார்கள். காக்ளியர் பொருத்திய பிள்ளைகளிலும், காது கேளாத பெற்றோரிடம் பிறப்பிலிருந்தே சைகை கற்ற ஒரு சிறு குழுவை அமெரிக்காவில் சோதித்தார்கள். 2014இல் வந்த அந்த ஆய்வில், அவர்கள் பேச்சு மொழியில் கேட்கும் பிள்ளைகளுக்கு ஈடாகவே இருந்தார்கள். 2017இல் வந்த வேறொரு ஆய்வு, சைகை இல்லாமல் வளர்ந்தவர்களின் பேச்சு முன்னே இருந்ததாகச் சொன்னது. உங்கள் தெரபிஸ்ட் மனதில் அது இருக்கலாம். ஆனால் அதில் பெற்றோர்கள் அப்போதுதான் சைகை பழகத் தொடங்கியவர்கள். அதோடு, பேச்சு சரியாக வராத வீடுகளில்தான் சைகையை விடாமல் தொடர்ந்திருப்பார்கள். எது காரணம், எது விளைவு என்று பிரிக்க முடியாது என்று பலர் மறுத்தார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

கருவியின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். நல்ல உட்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் சுமார் 15,000 இருக்கும். அவற்றின் வேலையைச் செய்யக் கருவியில் இருப்பது, காது நரம்பைத் தூண்டும் 12 முதல் 22 மின்முனைகள். அதை வைத்தே பல பிள்ளைகள் அழகாகப் பேசுகிறார்கள், அது பெரிய சாதனைதான். ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் பலன் வருவதில்லை. குளிக்கும்போது, தூங்கும்போது, பேட்டரி தீர்ந்தால், கருவி பழுதாகிப் போனால் அவன் காது கேளாத பிள்ளைதான். 'உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வான்' என்பார்கள். கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் 'மாடு', 'பாடு' என்று சொல்லிப் பாருங்கள். உதட்டில் வித்தியாசம் தெரிகிறதா?

அப்படியானால் இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்வி பற்றி மாநாடு கூட்டி, வாய்ப்பேச்சே உயர்ந்தது, பள்ளிகளில் சைகை கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். ஓட்டுப் போட்டவர்கள் ஏறக்குறைய எல்லோருமே காது கேட்பவர்கள். அதன் பிறகு பல நாடுகளில், தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்தார்கள். கையை அசைத்ததற்காக அடியும் வாங்கினார்கள். 130 வருடம் கழித்து 2010இல், வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடு அந்தத் தீர்மானங்களைத் தள்ளுபடி செய்து வருத்தம் தெரிவித்தது. உங்கள் மாமியார் தட்டும் அந்தத் தட்டல் மிலானிலிருந்து வருகிறது, அவருக்கு அது தெரியாது.

கேட்பதும் பேசுவதும்தான் உயர்ந்தது, மற்றதெல்லாம் குறை என்று நினைக்கும் இந்தப் பாரபட்சத்துக்கு, டாம் ஹம்ஃப்ரீஸ் என்ற காது கேளாத அமெரிக்க அறிஞர் 1970களில் 'ஆடிசம்' என்று பெயர் வைத்தார். (ஆட்டிசம் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) மருத்துவர்களான எங்களிடமும் அது நிறையவே இருக்கிறது. காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராமைப் படிக்கக் கற்றோம். காது கேளாத ஒரு பெரியவரோடு உட்கார்ந்து, அவர் வாழ்க்கையைக் கேட்டுப் பழகவில்லை. காது கேளாதவர் நோயாளியாக வந்தால், கூட வந்தவரைப் பார்த்து 'இவருக்கு என்ன செய்யுது?' என்றுதான் கேட்கிறோம். நானும் பல வருடம் அப்படிக் கேட்டவன்தான்.

சரி, செய்ய வேண்டியவை. விழித்திருக்கும் நேரமெல்லாம் கருவி காதில் இருக்கட்டும். மேப்பிங்கை, அதாவது கருவியை அவனுக்கு ஏற்றபடி அவ்வப்போது சரிசெய்வதை, தள்ளிப் போடாதீர்கள். தெரபியை விடவே கூடாது. நான் சைகையைச் சேர்க்கத்தான் சொல்கிறேன், பேச்சை விட்டுவிடச் சொல்லவில்லை. காக்ளியர் வைத்த பிள்ளைகளுக்கு மூளைக்காய்ச்சல் அபாயம் சற்றுக் கூடுதல் என்பதால், நிமோகாக்கல் தடுப்பூசி முழுதாகப் போட்டாயிற்றா என்று கேளுங்கள். காய்ச்சலோடு வாந்தி, கழுத்து விறைப்பு, காதில் சீழ் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், நீங்களும் கணவரும் நாத்தனாரிடம் தினம் ஐந்து சைகை கற்றுக்கொள்ளுங்கள். இந்திய சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் வெளியிட்ட 10,000 சொல் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இரவில் கருவியைக் கழற்றிய பிறகு அத்தை அவனுக்குக் கதை சொல்லட்டும். அதையே மறுநாள் நீங்கள் வாயால் சொல்லுங்கள். கதை அவனுக்கு ஏற்கெனவே தெரியும், புதிய தமிழ்ச் சொல் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். கடிப்பது, தரையில் புரண்டு அழுவது போன்ற பழக்கம் இருந்தால் அதுவும் பெரும்பாலும் குறையும். சொல்ல முடியாததால்தான் பிள்ளைகள் பலரும் அப்படிச் செய்கிறார்கள்.

அடுத்த முறை தெரபிக்குப் போகும்போது நாத்தனாரையும் கூட்டிப் போங்கள். பையன் அவரிடம் என்னவெல்லாம் பேசுகிறான் என்பதைத் தெரபிஸ்ட் நேரிலேயே பார்க்கட்டும். நாத்தனாரிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால், உங்களிடம் கேட்காமல் அவர் முகத்தைப் பார்த்தே கேட்கச் சொல்லுங்கள். பதிலை நீங்கள் எடுத்துச் சொல்லலாம்.