பட்டாரா, அனுபவித்தாரா?

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் 30 வருடம் பழம் பறித்த என் அம்மாவைப் பற்றி எழுதுகிறேன். 'குளிரையும் அட்டைக்கடியையும் அனுபவித்தார்' என்று எழுதியதை நண்பர் 'எதிர்கொண்டார்' எனத் திருத்தினார். எது சரி?

– ஒரு வாசகர், சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டுமே வேண்டாம்.

'நல்லா அனுபவிச்சார்' என்று மொட்டையாகச் சொன்னால் சுகமாக வாழ்ந்தார் என்றே அர்த்தம். கிரயப் பத்திரத்தில் வரும் 'ஆண்டு அனுபவித்து' என்பதும் அந்த வழிதான். கெட்டதோடு சேர்த்தாலோ வினைப்பயன் வந்து ஒட்டிக்கொள்ளும்: 'செஞ்சதுக்கு அனுபவிக்கிறான்.' அம்மா ஒரு தப்பும் செய்யவில்லை. அந்த வாடை அவர்மேல் அடிக்கவே கூடாது.

'எதிர்கொள்' என்றால் வருவதைக் கண்டு முன்னே போய் நிற்பது. மாப்பிள்ளையை எதிர்கொண்டு அழைக்கிறோமே, அதுபோல. அட்டை அப்படியா வருகிறது? ஈரத் தழையிலிருந்து காலில் ஏறுவதும் தெரியாது, கடிப்பதும் தெரியாது. ரத்தம் வழிந்து பிசுபிசுத்த பிறகு குனிந்து பார்த்தால்தான் உண்டு.

இதற்கு உரிய சொல் 'படு'. வெயில் படுகிறது, கல் பட்டது என்பதுபோல வெளியிலிருந்து வந்து மேலே விழுவது. கடிபட்டார், அவதிப்பட்டார். ஆனால் 'கஷ்டத்தைப் பட்டார்' என்று எழுதினால் நிற்காது. பெயரோடு ஒட்டிக் 'கஷ்டப்பட்டார்' என்றாக வேண்டும், ப் மிகும். பிரித்துச் சொல்ல வேண்டுமானால் வினையை முன்னே கொண்டுவாருங்கள்: 'அம்மா பட்ட கஷ்டம்', 'அம்மா பட்ட பாடு'. பாடு என்பதே படுவிலிருந்து பிறந்த பெயர். அதனால்தான் அந்தத் தொடருக்கு அத்தனை கனம்.

குளிரோடு மட்டும் இது சேராது; 'குளிர்பட்டார்' என்று யாரும் சொல்வதில்லை. உங்கள் வாக்கியத்தின் உண்மையான கோளாறு, இரண்டையும் ஒரே வினையில் கட்டியதுதான். மே மாதக் கோடை விழாவுக்கு மலையேறுகிறவர் ஏற்காட்டுக் குளிரை அனுபவிக்கிறார், அங்கே அந்தச் சொல் பொருந்தும். மார்கழி விடியலில் பழம் பறிக்கிறவர் அதைத் தாங்குகிறார். 'தாங்கு' என்பதில் பாரமும் இருக்கிறது, நாள்கணக்கும் இருக்கிறது.

'அனுபவி' என்பதற்கு ஈடான 'துய்', 'நுகர்' என்ற இலக்கியச் சொற்களின் பக்கம் போகவே வேண்டாம்.

'30 வருடம் குளிர் தாங்கினார். மழைக்காலமெல்லாம் அட்டையிடம் கடிபட்டார்' என்று உடைத்து, வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அம்மா பக்கத்தில் இருந்தால் அவருக்கும் படித்துக் காட்டுங்கள். அவர் வாயில் வேறு சொல் வந்தால், இதை அடித்துவிட்டு அதை எழுதுங்கள்.