ஒற்றுமையா, எந்த ஊரில்?

கேள்வி: 300 ஸ்பார்ட்டா வீரர்கள் உயிரைக் கொடுத்தார்கள், கிரேக்க நகரங்கள் எல்லாம் ஒன்றாகத் திரண்டன, பாரசீகப் பேரரசு தோற்றது. ஒற்றுமையின் பலத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் உண்டா?

பதில்: சினிமா பார்த்துவிட்டு எழுதுகிறீர்கள் என்று நினைக்கிறேன். தப்பில்லை, நானும் பார்த்தவன்தான். முதலில் அந்த 300 பேர். கி.மு. 480இல் தெர்மோபிலே கணவாயை மறித்த கிரேக்கர்கள் ஏறக்குறைய 7,000 பேர். கடைசி நாளில் ஸ்பார்ட்டா மன்னர் லியோனிடாஸ் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பியபோது, தெஸ்பியே என்கிற சின்ன ஊரின் 700 பேர் போகமாட்டோம் என்று கூடவே நின்று மடிந்தார்கள். அவர்களுக்குப் படமும் இல்லை, போஸ்டரும் இல்லை.

அடுத்து ஒற்றுமை. வெற்றிக்குப் பிறகு டெல்ஃபியில் நாட்டிய வெண்கலத் தூணில் போரிட்ட நகரங்களின் பெயர்களைப் பொறித்தார்கள். (தூணின் மிச்சம் இப்போது இஸ்தான்புல்லில் நிற்கிறது.) நூற்றுக்கணக்கான கிரேக்க நகரங்களில் அதில் இருப்பவை 31. ஆர்கோஸ் வரவே இல்லை. ஸ்பார்ட்டாவோடு அதற்குப் பழைய பகை. தீப்ஸ் அடுத்த ஆண்டு பிளாட்டியா போரில் பாரசீகர் பக்கம் நின்று ஏதென்ஸ்காரர்களோடு மோதியது. ஆசியக் கரையின் (இன்றைய துருக்கி) கிரேக்கர்களோ பாரசீகக் கடற்படையில் கப்பல் ஓட்டினார்கள்.

சரி, திரண்டவர்களாவது ஒற்றுமையாக இருந்தார்களா? தெர்மோபிலேக்குப் பிறகு சலாமிஸ் தீவருகே நடந்த கடற்போரின் கதையைக் கேளுங்கள். கப்பல்களில் ஏறக்குறைய பாதி ஏதென்ஸுடையவை. ஆனாலும் ஏதென்ஸ்காரன் தலைமையில் வரமாட்டோம் என்று மற்றவர்கள் அடம்பிடித்ததால் தளபதி ஒரு ஸ்பார்ட்டாக்காரர். ஏதென்ஸ் நகரம் எரிந்துகொண்டிருக்கிறது; தெற்கத்திக்காரர்கள் தங்கள் ஊரைக் காக்க நழுவப் பார்க்கிறார்கள். ‘நீங்கள் போனால் நாங்கள் குடும்பத்தோடு இத்தாலிக்குப் போய்விடுவோம்’ என்று மிரட்டினார் ஏதென்ஸின் தலைவர் தெமிஸ்டோகிளீஸ். அதுவும் முழுசாகப் பலிக்கவில்லை. அப்புறம் தன் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அடிமையை இரவோடு இரவாக எதிரிப் பாசறைக்கு அனுப்பி, ‘கிரேக்கர்கள் ஓடப் போகிறார்கள், வழியை அடையுங்கள்’ என்று சொல்ல வைத்தார். பாரசீகர்கள் ஜலசந்தியின் வாயை அடைத்தார்கள். கிரேக்கர்களுக்கு ஓட வழியில்லை, ஆகவே சண்டை போட்டார்கள். ஒற்றுமையை உண்டாக்கிக் கொடுத்ததே எதிரிதான்!

ஏதென்ஸுக்கு அந்தக் கப்பல்கள் வந்த வழியும் வேடிக்கை. கி.மு. 483 வாக்கில் ஏதென்ஸின் லாரியம் சுரங்கத்தில் நிறைய வெள்ளி கிடைத்தது. ஆளுக்குப் பத்து திராக்மா (வெள்ளிக்காசு) என்று பங்கு போடவிருந்ததைத் தடுத்து, கப்பல் கட்டச் சொன்னார் தெமிஸ்டோகிளீஸ். காட்டிய காரணம் பாரசீகம் அல்ல. எதிரே தெரிகிற ஏஜினா தீவோடு நடந்துகொண்டிருந்த சண்டை. ஏஜினாவும் கிரேக்க நகரம்தான்.

ஒருவரை ஒருவர் நம்பாத கும்பல் இரண்டு வருடம் சிதறாமல் நின்றதே, அதை நானும் வியக்கிறேன். ஆனால் அதற்கு ஒற்றுமை என்று பெயர் வைக்காதீர்கள். தெமிஸ்டோகிளீஸை ஏதென்ஸே நாடு கடத்தியது. அவர் கடைசியில் அடைக்கலம் புகுந்தது பாரசீக மன்னரிடம். பிற்பாடு ஏதென்ஸை வீழ்த்தக் கப்பற்படை வேண்டியிருந்தபோது ஸ்பார்ட்டா கையேந்தியதும் பாரசீகப் பணத்துக்குத்தான். கி.மு. 386இல் ஆசியக் கரையின் கிரேக்க நகரங்கள் பாரசீக மன்னருக்கே சொந்தம் என்று ஓர் உடன்படிக்கை வந்தது. அதை முன்னின்று முடித்துக்கொடுத்தது யார் தெரியுமா? உங்கள் 300 பேரின் அதே ஸ்பார்ட்டா.