வேலை உத்தரவு வந்துவிட்டது, முன்பணம் கட்டலாமா?

வணக்கம் அம்மா,

உங்கள் மகளுக்கு வந்த வேலை உத்தரவைப் பார்த்தேன். அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன்: இன்று மாலைக்குள் கட்டச் சொல்லியிருக்கும் லேப்டாப் முன்பணத்தைக் கட்ட வேண்டாம். மற்றதை ஆற அமரப் பேசலாம்.

கடிதம் பார்வைக்கு நன்றாகவே இருக்கிறது. முத்திரை, கையெழுத்து, சம்பள விவரம் எல்லாம் உண்டு. முன்பெல்லாம் எழுத்துப்பிழையை வைத்தே போலியைப் பிடித்துவிடலாம் என்போம். இப்போது செயற்கை நுண்ணறிவு பிழையில்லாமல் எழுதித் தந்துவிடுகிறது, அந்த அடையாளத்தை நம்ப முடியாது. என் கண்ணில் பட்டவை வேறு இரண்டு. நேர்முகத் தேர்வு முழுவதும் டெலிகிராமில், வெறும் எழுத்திலேயே நடந்திருக்கிறது. கேள்வி கேட்டவர் முகத்தை அவள் பார்க்கவில்லை, குரலையும் கேட்கவில்லை. அப்புறம் அந்த மின்னஞ்சல் முகவரி.

நிறுவனத்தின் பெயர், பக்கத்தில் ஒரு சிறு கோடு, பிறகு 'கேரியர்ஸ்', பிறகு டாட் காம் என்று இருக்கிறது. "கம்பெனி பேர்தான் இருக்கே" என்று மகள் சொல்லியிருக்கிறாள். அந்தச் சிறு கோடும் கூடுதல் சொல்லும் சேர்ந்த உடனே அது வேறு முகவரி ஆகிவிடுகிறது. அதை யார் வேண்டுமானாலும் சில நிமிடங்களில் பதிவு செய்துகொள்ளலாம். இணையதள இணைப்பு வந்தாலும் இதே கவனம் வேண்டும். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை (//) விட்டுவிட்டு, அடுத்து வரும் ஒற்றைச் சாய்கோட்டைக் (/) கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அதற்கு இடப்பக்கம் ஒட்டி, டாட் காம் போன்ற முடிவோடு இருக்கும் பெயர்தான் உண்மையான சொந்தக்காரர். அதற்கும் முன்னால் எவ்வளவு பெரிய நிறுவனத்தின் பெயர் இருந்தாலும் அது வெறும் ஒட்டு. பூட்டுப் படம் இருக்கிறதே என்றும் பலர் கேட்கிறார்கள். நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்குத்தான் அந்தப் பூட்டு. மறுமுனையில் இருப்பவர் நல்லவர் என்பதற்கு அல்ல. முகவரி எப்போது பதிவானது என்பதை 'ஹூ ஈஸ்' (WHOIS) என்ற இணையத் தேடலில் இலவசமாகவே பார்க்கலாம். பல ஆண்டுகளாக நடக்கும் நிறுவனத்தின் முகவரி போன மாதம் பதிவாகியிருந்தால் அதற்கு மேல் யோசிக்கத் தேவையில்லை.

இத்தனையும் தெரியாவிட்டாலும் ஒரே ஒரு கேள்வி போதும் என்பேன்: காசு எந்தப் பக்கம் போகிறது? வேலை என்றால் அவர்கள் தர வேண்டும், நாம் வாங்க வேண்டும். பயிற்சிக் கட்டணம், சரிபார்ப்புக் கட்டணம், திருப்பித் தரப்படும் முன்பணம் என்று பெயர் மாறிக்கொண்டே இருக்கும். திசை மட்டும் மாறாது.

சரி, இந்தக் கேள்வியையும் ஏமாற்றும் வகை ஒன்று உண்டு. வீடியோவுக்கு லைக் போடுவது, விடுதிகளுக்கு நட்சத்திரம் கொடுப்பது போன்ற சின்ன வேலை. முதல் ஓரிரு நாள் உண்மையாகவே பணம் வரும். நம்பிக்கை வந்ததும் ஒரு குழுவில் சேர்ப்பார்கள். அங்கே மற்றவர்கள் தாங்கள் சம்பாதித்ததைப் படம் எடுத்துப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதே கூட்டத்து ஆட்கள். பிறகு 'பெரிய டாஸ்க்' வரும், அதற்கு நீங்கள் கொஞ்சம் போட வேண்டும். திரையில் இருப்புத் தொகை ஏறிக்கொண்டே போகும். எடுக்கப் போனால் வரி கட்டு என்பார்கள், கட்டினால் இன்னொரு வரி. திரையில் தெரிந்தது அவர்கள் தட்டச்சு செய்த எண், பணமே அல்ல.

இதைவிட நான் அதிகம் பயப்படுவது 'உங்கள் கணக்கில் பணம் வரும், கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியை அனுப்புங்கள்' என்ற வேலையைப் பார்த்துத்தான். இங்கே காசு நம் பக்கம் வருவதால் பிள்ளைகள் சந்தேகப்படுவதில்லை. வருவது வேறு யாரோ ஏமாந்த பணம். கணக்கு முடங்கும், விசாரணை கணக்கின் சொந்தக்காரரைத் தேடித்தான் வரும்.

வெளிநாட்டு வேலை என்றால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தி அடைத்து வைக்கப்பட்டிருக்கலாம் என்கிறது அது. அவர்களில் பட்டதாரிகளும் பல மொழி தெரிந்தவர்களும் இருந்தார்கள். நல்ல வேலை என்று நம்பிப் போனவர்கள் அவர்கள். படித்தவள், ஏமாற மாட்டாள் என்று நாம் இருந்துவிடக் கூடாது.

அடையாள அட்டையின் படத்தை ஏற்கெனவே அனுப்பிவிட்டாள் என்று எழுதியிருந்தீர்கள். பதற வேண்டாம். வங்கியில் இன்றே சொல்லி வையுங்கள். மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றி, இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைப் போடச் சொல்லுங்கள். அவள் பெயரில் கடன் எதுவும் எடுக்கப்படுகிறதா என்று சில மாதங்களுக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த உரையாடலை அழித்துவிடாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கட்டும். காவல்துறையில் புகார் கொடுக்க அதுதான் ஆதாரம். சில நாளில் 'இழந்ததை மீட்டுத் தருகிறோம், சிறு கட்டணம்தான்' என்று யாராவது வந்தால் அவர்களுக்குப் பதிலே வேண்டாம். அதுவும் அதே தொழில்தான்.

உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். அவளைத் திட்டாதீர்கள். ஒரு வருடமாக வேலை தேடி, உறவினர் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிச் சலித்த பிள்ளைக்கு அந்தக் கடிதம் எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்! பணம் போன பிறகும் வீட்டில் சொல்லப் பயந்து, அதை மீட்க இன்னும் போட்டு, ஏமாற்றுபவனிடமே கெஞ்சிக்கொண்டிருந்த மாணவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். உங்கள் மகள் கட்டுவதற்கு முன்பே உங்களிடம் காட்டியிருக்கிறாள். அதற்காக அவளைப் பாராட்டுங்கள்.

கடிதத்தில் இருக்கும் தொலைபேசி எண்ணை விட்டுவிடுங்கள். நிறுவனத்தின் அசல் தளத்தை அவளையே தேடிக் கண்டுபிடித்து, அங்கே இருக்கும் எண்ணுக்கு நாளைக் காலை பேசச் சொல்லுங்கள்: "என் பெயரில் இப்படி ஒரு வேலை உத்தரவு அனுப்பினீர்களா?" என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள். அவளுடைய சுயவிவரத்தையும் சேர்த்து அனுப்புங்கள். பிறந்த தேதி, வீட்டு முகவரி, அடையாள எண் மூன்றையும் எடுத்துவிட்டு, அடுத்த விண்ணப்பத்துக்கு அதை நாம் சேர்ந்து சரிசெய்யலாம்.